ஏகமனதாக

கோலாலம்பூர்ச் செந்தூலில் இருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. 2022 பொதுத்தேர்தலில் முதல் ஓட்டுப் போட்டவர். விரலில் வைத்த மை அழிவதற்குள் ஏதாவது மாறும் என்று எதிர்பார்த்தாராம். அடுத்த வருடம் அப்பாவுக்குப் பதிலாகத் தங்கள் அடுக்குமாடியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போயிருக்கிறார். ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்த விஷயத்துக்குக் கையைத் தூக்கச் சொன்னார்களாம். கோயில் கூட்டத்துக்குப் போனால் அங்கேயும் அதே கதை. "மக்களாட்சி என்று பாடத்தில் படித்ததற்கும் கண்ணால் பார்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை. அது மேடைக்கு மட்டும்தானா? இந்தக் கூட்டங்களுக்கு இனிமேல் போகத்தான் வேண்டுமா?" என்று கேட்கிறார்.

நான் பதினோரு வருடம் ஒரு கோயில் நிர்வாகத்தில் செயலாளராக இருந்தவன். இப்போது கோலாலம்பூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். ஆக, தம்பி யாரைப் பற்றிக் குறைபட்டுக்கொள்கிறாரோ அந்த ஆள்களில் நானும் ஒருவன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மற்றதைப் பேசலாம்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் குறிப்பை நான் கூட்டத்துக்கு முதல் நாள் இரவே எழுதி முடித்துவிடுவேன். வரவேற்புரை, தலைவர் உரை, சென்ற ஆண்டுக் குறிப்பு, வரவுசெலவு என்று வரிசையாக எழுதி, எல்லாவற்றுக்கும் கீழே ஒரே வாக்கியம்: "ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது." முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்ற இரண்டு இடங்களை மட்டும் காலியாக விடுவேன். மறுநாள் முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் பெயர் அங்கே ஏறும். இதில் காசு அடிக்கும் எண்ணமெல்லாம் யாருக்கும் கிடையாது. கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போகவேண்டும். கீழே அன்னதானக் கூடத்தில் சாம்பார் ஆறிக்கொண்டிருக்கும். தலைவருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டியிருக்கும். அவ்வளவுதான்.

ஒரு வருடம் பின்வரிசையிலிருந்து ஒருவர் கை தூக்கினார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கும்பாபிஷேகத்துக்கு வசூலானதில் செலவு போக மீதியை எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. தலைவர் மைக்கைப் பிடித்து, "சாமி காரியத்துல வந்து கணக்கா கேட்கிறீங்க?" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மனிதர் உட்கார்ந்துவிட்டார். பதில் என் மடியில் இருந்த கோப்பிலேயே இருந்தது. 17,000 வெள்ளிச் (ரிங்கிட்) சொச்சம், வங்கியில் நிரந்தர வைப்பு. எழுந்து சொல்ல அரை நிமிடம் ஆகாது. தலைவர் முகத்தைப் பார்த்தேன், பேசாமல் இருந்துவிட்டேன். குறிப்பில் "ஏகமனதாக" என்றே நின்றது. அதற்கப்புறம் அவர் கூட்டத்துக்கு வரவில்லை.

கவனியுங்கள் தம்பி, அன்றைக்கு எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. அறிவிப்பு ஒட்டினோம், கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச ஆள்கள்) இருந்தது, கணக்கைத் தணிக்கையாளர் பார்த்திருந்தார், கை தூக்கச் சொன்னோம், தூக்கினார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் கேட்டவருக்குப் பதில் கிடைக்கவில்லை, அவர் மறுபடி வந்து கேட்கும் நிலைமையும் போய்விட்டது. நீங்கள் சொல்லும் இடைவெளி அங்கேதான் விழுகிறது. தலைவர்கள் மோசம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. எங்கள் தலைவர் நல்ல மனிதர், சொந்தக் காசில் கோயிலுக்குக் கூரை போட்டவர். கேள்வியை எதிர்கொண்டு அவருக்குப் பழக்கமில்லை, அவரைத் தாண்டிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. எங்கள் அப்பாக்களுக்கு அதிகாரம் என்றால் தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணியும் கணக்கு எழுதும் கிராணியும்தான். கணக்குப் புத்தகம் அவர்கள் கையில், கேட்டால் கூலிப் பட்டியலில் பேர் வெட்டிவிடுவார்கள். தொழிற்சங்கம் வந்து அந்தப் பயத்தைக் கொஞ்சம் தெளியவைத்தது. ஆனால் சங்கத் தலைவரையும் நாம் மாலை போட்டுக் கும்பிட்டே பழகினோம்.

நம் ஆள்கள் மேடையேறினால் ஒரு பெருமை தவறாமல் வரும்: ஆயிரம் வருடத்துக்கு முன்பே குடவோலை முறையில் தேர்தல் நடத்தியவன் தமிழன். நானும் பேசியிருக்கிறேன். பிறகு ஒருநாள் உத்திரமேரூர்க் கல்வெட்டில் என்னதான் எழுதியிருக்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 920ஐ ஒட்டி. ஊரை 30 குடும்பாக, அதாவது வட்டாரமாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதாவது அது ஓட்டே இல்லை, குலுக்கல். தகுதி யாருக்கு? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும், சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் படித்திருக்கவேண்டும். பெண்ணுக்கு இடமில்லை, அந்த நிலத்தில் இறங்கி உழுதவனுக்கு இடமில்லை. இன்றைய கண்ணால் பார்த்தால் அதை மக்களாட்சி என்று சொல்ல வாய் கூசும்.

ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு விதி இருக்கிறது. வாரியத்தில் (ஊர் நிர்வாகக் குழுவில்) இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக்கூடாது. கடந்த மூன்று ஆண்டுக்குள் பொறுப்பில் இருந்தவர் பெயரும் கூடாது. இதை எங்கள் கோயிலில் கொண்டுவந்திருந்தால் என்னையும் சேர்த்து நிர்வாகத்தில் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்போம். யாரைச் சேர்த்துக்கொள்வது என்பதில் அவர்கள் மகா குறுகல், சேர்ந்தவன் எப்படி நடந்துகொள்வது என்பதில் மகா கறார். நமக்கு நேர் எதிர். 18 வயதான எல்லாருக்கும் ஓட்டு என்கிறோம், கணக்கு என்றதும் சாமி காரியம் என்கிறோம். குடத்தைப் பற்றி மேடையில் பேசுகிற எவரும் அந்தக் கணக்கு விதியைச் சொல்லி நான் கேட்டதில்லை.

1948 நவம்பரில் அம்பேத்கர் இந்திய அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, அரசியல் சட்டத்தை மதித்து நடக்கும் ஒழுக்கம் மனிதனுக்குத் தானாக வருவதில்லை, அதை வளர்க்கவேண்டும், நம் மக்கள் அதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்றார். மக்களாட்சி இந்திய மண்ணின் மேல் தூவிய பூச்சு, அடியில் இருக்கும் மண் வேறு என்றும் சொன்னார். அதே உரையில் கிராமத்தை அறியாமையின் குகை என்றும் சாடினார். சின்ன இடம் என்பதாலேயே அது நல்ல இடம் ஆகிவிடாது என்பதற்கு அவர் சாட்சி, எங்கள் கோயில் கூட்டமும் சாட்சி. சரி, வளர்க்கவேண்டும் என்றால் எங்கே போய் வளர்ப்பது? நீந்தப் பழக முட்டளவுத் தண்ணீராவது வேண்டும் அல்லவா?

இந்த நாட்டில் ஒருகாலத்தில் அது இருந்தது, அதுவும் சுதந்திரத்துக்கு முன்பே. மலாயாவில் நடந்த முதல் தேர்தலே 1951 டிசம்பரில் பினாங்கின் ஜோர்ஜ்டவுன் நகராட்சிக்குத்தான். அடுத்து 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராட்சி, 12 இடம். மலாய்க்காரர்களின் அம்னோ கட்சியும் சீனர்களின் மசீசவும் அந்தத் தேர்தலுக்காகக் கைகோத்து 9 இடத்தைப் பிடித்தன. ஓன் ஜாபாரின் சுதந்திர மலாயா கட்சிக்குக் கிடைத்தது 2. அந்தக் கைகோப்புதான் பிறகு கூட்டணியாகி, தேசிய முன்னணியாகி, 2018 வரை நாட்டை ஆண்டது. சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் ஆள் எடுக்க நடந்த தேர்தலில் நாட்டின் அரசியல் அச்சே வார்க்கப்பட்டிருக்கிறது. 1957ல் ஜோர்ஜ்டவுன் மாநகரமானது. அதன் ஆரம்பகால மேயர்களில் ஒருவர் தொழிற்கட்சியின் டி.எஸ். இராமநாதன். அவர் பெயரில் பினாங்கில் இன்றும் ஒரு சாலை உண்டு.

கோலாலம்பூருக்கு அந்த வாய்ப்பு சீக்கிரமே போய்விட்டது. 1961ல் கூட்டரசுத் தலைநகரச் சட்டம் நடப்புக்கு வந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் இடத்தில் ஓர் ஆணையர் உட்கார்ந்தார். மற்ற ஊர்களில் 1965 மார்ச்சில், இந்தோனேசியாவோடு மோதல் நடந்துகொண்டிருந்த நேரம், ஊராட்சித் தேர்தலை நிறுத்திவைத்தார்கள். தற்காலிகமாக என்றுதான் சொன்னார்கள். சில மன்றங்களில் நிர்வாகம் சரியில்லை, முறைகேடு என்று புகார்களும் கிளம்பியிருந்தன. அதே ஆண்டு ஓர் அரச விசாரணை ஆணையம் அமைத்தார்கள். தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகியின் கணவர் என்றால் பெரியவர்களுக்குச் சட்டென்று புரியும். 1968ல் அறிக்கை கொடுத்தார்கள். தேர்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்றது ஆணையம். அரசு அதை ஏற்கவில்லை. ஊராட்சித் தேர்தல் இனி இல்லை என்ற 1976 ஊராட்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவோடு கதை முடிந்தது. பினாங்கு மாநிலம் 2012ல் தனியாக ஒரு சட்டம் போட்டு முயன்றது, 2014ல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றுவிட்டது.

எனக்கு இதில் உறுத்துவது, தேர்தலை நிறுத்தியவர்கள் காட்டிய காரணம். மன்றங்களில் கோளாறு இருந்ததாம். இருக்கும்தான். பழகுகிற இடத்தில் கோளாறு இல்லாமல் வேறு எங்கே இருக்கும்? பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்தான் என்று சைக்கிளைப் பிடுங்கி வைத்தாகிவிட்டது. அறுபது வருடம் கழித்து அவனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று சிரிக்கிறோம்.

2018 மே 9, பொதுத்தேர்தல் நாள். நான் காலை எட்டரைக்கெல்லாம் பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்றேன். கிள்ளானில் இருக்கும் அக்கா போன் பண்ணி, "எனக்கு ரெண்டு சீட்டுக் குடுத்தாங்க, உனக்கு?" என்றார். எனக்கு ஒன்றுதான். கோலாலம்பூர் 1974ல் கூட்டரசுப் பிரதேசமானதிலிருந்து நமக்குச் சட்டமன்றம் கிடையாது. மாநகர் மன்றத்துக்கு ஓட்டு கிடையாது, டத்தோ பண்டாரை, அதாவது மேயரை, நியமிக்கிறார்கள். இத்தனை லட்சம் பேர் வாழும் நகரத்தில் 11 நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தவிர நாம் தேர்ந்தெடுக்கும் ஆள் வேறு யாரும் இல்லை. அந்தப் பதினொருவரும் 222 பேர் உள்ள அவையில் நாட்டின் சட்டங்களைப் பார்க்கவேண்டியவர்கள். நடப்பது என்ன? சாக்கடை அடைத்துக்கொண்டால் ஒய்பி (நாடாளுமன்ற உறுப்பினரை அப்படித்தான் கூப்பிடுவோம்), தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஒய்பி, மரக்கிளை கார் மேல் விழுந்தால் ஒய்பி. அவர்களும் பாவம், சாக்கடை ஓரம் நின்று படம் எடுத்துப் போடுகிறார்கள். மாநகர் மன்றத்துக்குக் கடிதம் எழுதுவதைத் தவிர அவர்களால் வேறு என்ன செய்ய முடியும்? மற்ற ஊர்களில் கவுன்சிலர் என்று ஒருவராவது இருக்கிறார். அவரும் நியமனம்தான் என்பது வேறு விஷயம்.

உங்கள் செந்தூல் இருக்கும் பத்து தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018ல் அங்கே எதிர்க்கட்சி வேட்பாளர் 2,000 வெள்ளி அபராதத் தீர்ப்பு காரணமாக வேட்புமனு நாளிலேயே தகுதி இழந்தார். சுயேச்சையாக நின்ற 22 வயதுச் சட்டக் கல்லூரி மாணவர் பி. பிரபாகரனை மக்கள் ஜெயிக்கவைத்தார்கள். அன்றைக்கு நாட்டின் ஆக இளைய நாடாளுமன்ற உறுப்பினர் அவர். பாடப்புத்தகம் சொல்வது அப்படியே நடந்த நாள் அது. ஆனால் இரண்டு வருடம்கூட ஆகவில்லை, 2020 பிப்ரவரியில் அரசியல்வாதிகள் கோலாலம்பூர்ப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் கூடிப் பேசி, கட்சி தாவி, ஆட்சியையே மாற்றினார்கள். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்சித் தாவலுக்கு எதிரான சட்டம் 2022ல்தான் வந்தது. அந்த ஆண்டு நீங்கள் ஓட்டுப் போடப் போனபோது உங்களோடு சேர்ந்து எத்தனையோ பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் பதிவு செய்யாமலே பட்டியலில் இருந்தார்கள். அதுவும் 2019ல் நாடாளுமன்றம் ஒரே குரலில் நிறைவேற்றிய திருத்தம். உண்மையாகவே ஏகமனதாக.

இதையெல்லாம்விட எனக்குச் சிந்திக்க நிறையக் கொடுத்தது புக்கிட் கியாரா விவகாரம். கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என்ற குடியிருப்புப் பக்கம் ரிம்பா கியாரா என்று ஒரு பூங்கா. ஒட்டினாற்போல் ஒரு லயன், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள். ஒருகாலத்தில் அங்கே இருந்த ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பங்கள், பெரும்பாலும் நம்மவர்கள், ஏறக்குறைய நூறு குடும்பம். தோட்டம் போனபோது வீடு தருகிறோம் என்று சொல்லி, தற்காலிகமாக அங்கே குடிவைத்தார்கள். இங்கேயும் அந்த "தற்காலிகம்". பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன. 2017ல் மாநகர் மன்றம் ஒரு திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. பூங்கா நிலத்தில் எட்டு உயரமான ஆடம்பர அடுக்குமாடிகள், கூடவே லயன்காரர்களுக்காக ஒரு மலிவு அடுக்குமாடி. சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2018ல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள், 2021ல் மேல்முறையீட்டில் ஜெயித்தார்கள், 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. டத்தோ பண்டார் நகரத்தின் கட்டமைப்புத் திட்டத்தைத் தள்ளிவிட்டுப் போகமுடியாது, முடிவுக்குக் காரணம் சொல்லவேண்டும், அவரே அறங்காவலராக இருக்கும் அமைப்பு அந்தத் திட்டத்தில் பங்காளியாக இருந்தது முரண்பாடு என்றெல்லாம் தீர்ப்பு சொன்னது.

பெரிய வெற்றிதான், நானும் கை தட்டினேன். அப்புறம் லயன்காரர்களை நினைத்துப் பார்த்தேன். பூங்கா வேண்டும் என்பவருக்கும் வீடு வேண்டும் என்பவருக்கும் இடையில் சண்டை மூட்டிவிட்டதுபோல் ஆகிவிட்டது. தேர்ந்தெடுத்த மன்றம் ஒன்று இருந்திருந்தால் இரண்டு தரப்புக்கும் அங்கே ஆள் இருந்திருப்பார். வீட்டையும் கட்டு, பூங்காவையும் தொடாதே என்று மேஜையைத் தட்டிச் சண்டை போட்டிருப்பார்கள். மன்றம் இல்லாததால் வழக்கறிஞர்கள் பேசினார்கள். நீதிமன்றத்தால் அனுமதியை ரத்து செய்ய முடியும், யாருக்கும் வீடு கட்டித்தர முடியாது. அந்தப் பக்கம் போனால் சாலைப் பெயர்ப் பலகையைப் பாருங்கள். அதே தாமானில் ஒரு சாலைக்கு ஜாலான் ஆதி நாகப்பன் என்று பெயர். ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொடுங்கள் என்று எழுதிக்கொடுத்தவர் பெயரில் சாலை உள்ள ஊர்க்காரர்கள், ஊராட்சியில் வாய் திறக்க வழியில்லாமல் ஆறு வருடம் கோர்ட்டுக்கு நடந்தார்கள்.

ஊராட்சித் தேர்தல் வந்தால் நகரங்களில் இனப் பூசல் வரும் என்று ஒரு பயம் உண்டு. 1969 மே 13 இனக் கலவரத்தை நினைவூட்டிப் பேசுவார்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன், 1969ஐ நேரில் பார்த்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருந்தார்கள். ஆனால் சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஜோர்ஜ்டவுனுக்கு அந்தக் காலத்திலேயே மேயராக வந்தவர் ஒரு தமிழர் என்பதையும் மறந்துவிடக்கூடாது. எங்கள் அடுக்குமாடிக் கூட்டத்தில் நாலு மொழி பேசுவோம். அங்கே நான் பார்த்த ஆகப்பெரிய சண்டை தரைமாடிக்கும் மேல்மாடிக்கும்தான். நாங்கள் லிப்டே ஏறுவதில்லை, லிப்ட் ரிப்பேருக்கு எதற்குக் காசு கட்டவேண்டும் என்று தரைமாடிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து நின்றார்கள். ஒரு மலாய்க்காரர், இரண்டு சீனர், ஒரு பஞ்சாபி, அப்புறம் என் மச்சான்.

இப்போது எங்கள் அடுக்குமாடிக்கு வருகிறேன். 240 வீடு. இரண்டு வருடத்துக்கு முந்தைய பொதுக்கூட்டத்துக்கு வந்தவர்கள் 31 பேர். கோரம் பாதி வேண்டும். ஆனால் அரை மணி நேரம் காத்திருந்தும் சேரவில்லை என்றால் வந்திருப்பவர்களே கோரம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த அரை மணி நேரம் கரிப்பாப்பும் தேநீரும். பிறகு கணக்கு. ஆங்கிலத்தில், எட்டுப் பக்கம், நுணுக்கி அச்சடித்தது. தலைவர் ஓய்வுபெற்ற சீனப் பெரியவர், நல்ல நிதானம். கேள்வி உண்டா என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

எட்டாம் மாடி அம்மா எழுந்தார். எழுபது வயதிருக்கும், மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்தவர். ஆங்கிலம் தெரியாது. பேரன் கணக்கைப் படித்துக் காட்டியிருக்கிறான். விரலை நாலாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "பம் ரோசாக் சத்து காலி சாஜா, என்சிக்," என்றார். பம்பு பழுதானது ஒரே ஒரு தடவைதானே என்கிறார். கணக்கில் தண்ணீர்ப் பம்பு பழுதுபார்ப்பு என்று மூன்று இடத்தில் இருந்தது. தலைவர் என்னைப் பார்த்தார். அந்தம்மா தமிழில் என்னிடம், "நான் எட்டாவது மாடியில இருக்கேன்யா. தண்ணி நின்னா மொதல்ல எனக்குத்தான் நிக்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் நின்னுச்சு, வேற நிக்கவே இல்ல," என்றார்.

கூட்டம் ஒரு பத்து நிமிடம் நின்றது. மேலாளர் மாடிக்குப் போய் ரசீதுக் கோப்பை எடுத்துவந்தார். ஒன்று முன்பணம், ஒன்று மீதிப்பணம், மூன்றாவது அதே வேலைக்கு மறுபடி வந்த பில். 2,800 வெள்ளி. குத்தகையாளர் தவறாக அனுப்பியிருக்கிறார், அலுவலகமும் பார்க்காமல் கட்டியிருக்கிறது. திருட்டு ஒன்றும் இல்லை. தணிக்கையாளருக்கு அது தெரியவும் வாய்ப்பில்லை, அவரிடம் ரசீது இருந்தது, எண்ணிக்கை ஒத்துப்போனது. தண்ணீர் எத்தனை தடவை நின்றது என்று தெரிந்த ஒரே ஆள் வாளி தூக்கிய அந்தம்மாதான். எல்லாருக்கும் ஓட்டு எதற்கு, படித்தவன் பார்த்துக்கொள்ளமாட்டானா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்த நாலாம் பக்கம்தான். தலைவர் எழுந்து நின்று அவரிடம், "தெரிமா காசே, ஆண்டி," என்று நன்றி சொன்னார். எங்கள் கோயில் தலைவரையும் என்னையும் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் கூட்டம் நிரம்பி வழிந்தது என்று எழுத ஆசைதான். 31 பேர் 36 பேர் ஆனார்கள். கூடிய ஐந்து பேரில் இருவர் கார் நிறுத்துமிடச் சண்டைக்காக வந்தவர்கள்.

சரி, உங்கள் கடைசிக் கேள்வி, போகத்தான் வேண்டுமா என்பது. போங்கள். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். கூட்ட அறிவிப்பு 14 நாளுக்கு முன்பே வரவேண்டும், அதோடு கணக்கும் வரும். அன்றைக்கே படியுங்கள். பராமரிப்புக் கட்டணத்தில் பாக்கி இருந்தால் கூட்டத்துக்கு ஏழு நாளுக்கு முன்பே தீர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஓட்டுப் போட விடமாட்டார்கள். வீடு அப்பா பெயரில் இருப்பதால் பிரதிநிதிக் கடிதத்தை முன்கூட்டியே கொடுக்கவேண்டும். கை தூக்கி எண்ணியதில் திருப்தி இல்லை என்றால் ஓட்டெடுப்பு நடத்தக் கேட்கலாம், அப்போது தலைக்கு ஒன்று என்று எண்ணாமல் வீட்டின் பங்கு அலகுப்படி எண்ணுவார்கள். வாடகைக்கு இருப்பவருக்கு ஓட்டே கிடையாது. சொந்த மனை கேட்ட உத்திரமேரூர்ச் சபையைக் கொஞ்சம் முன்பு குறை சொன்னேனே, நாமும் பெரிதாக ஒன்றும் நகர்ந்துவிடவில்லை. கேள்வி கேட்டால் அது குறிப்பில் ஏறியதா என்று அடுத்த கூட்டத்தில் பாருங்கள். ஏறவில்லை என்றால் திருத்தச் சொல்லுங்கள். செயலாளர் முகம் சுளிப்பார், விடாதீர்கள். குறிப்பை முதல் நாளே எழுதி வைத்திருப்பார், அதனால்தான் அந்தச் சுளிப்பு.

கோயில் பொறுப்பை விட்டபிறகு, போன வருடம் ஒரு மாமாக் கடையில் அந்தப் பழைய லாரி ஓட்டுநரைப் பார்த்தேன். தனியாக உட்கார்ந்து ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்து, "அண்ணே, நீங்க அன்னிக்குக் கேட்ட கும்பாபிஷேகப் பணம் நிரந்தர வைப்பில இருந்துச்சு. அப்பவே எழுந்து சொல்லியிருக்கணும், சொல்லல," என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"எவ்வளவு?"

சொன்னேன்.

"வட்டி?"

ஞாபகமில்லை என்றேன். இப்போது இருக்கிற செயலாளரிடம் கேட்டுச் சொல்வதாக அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டு வந்தேன்.